மூன்றாவது கோட் அடிப்பதற்கு முன்பு: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சார், செயலாளர் மேடம், சங்கத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கீழ்த்தளத்தில் வடக்கு ஓரத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். கூட்டத்தில் பேசினால் போதாதா, எதற்குப் பொதுவில் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். கூட்டத்தில் இரண்டு முறை பேசிவிட்டேன், இரண்டு முறையும் டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. அது மட்டுமில்லை, குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று மலை முழுக்க நம்முடையதைப் போன்ற பழைய கல் கட்டடங்களை வீடாகவும் விடுதியாகவும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், பார்க்கிற இடத்திலெல்லாம் நாம் செய்த தப்பையேதான் செய்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

போன வாரம் மாடிப்படி பக்கத்தில் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வெளிச்சுவர் முழுக்க வாட்டர்ப்ரூஃப் கோட், செலவு 3,80,000 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி: கீழ்த்தளத்து வீடுகளில் உள்ளே துணி காயப்போடுவதால்தான் பூஞ்சை பிடிக்கிறது, உடனே நிறுத்தவும்.

இந்த இரண்டு வரிக்கும்தான் இந்தக் கடிதம். முதல் வரி நம் பணத்தைச் சுவரில் கரைக்கிற வேலை. இரண்டாவது வரியில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் என் வீட்டுக்குள் வாருங்கள். ஜனவரியில் பீரோவை நகர்த்தினேன். வடக்குச் சுவரை ஒட்டி ஏழு வருஷமாக நின்ற பீரோ. பின்னால் சுவரில், தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரை கறுப்பாக, ஓரத்தில் பச்சையாக, நடுவில் பஞ்சு மாதிரி பூத்திருந்தது. கீழே பெயிண்ட் அப்பளம் போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், உடைந்து உள்ளேயிருந்து மாவு மாதிரி உப்பு கொட்டியது. பீரோவுக்குள் மகளுடைய பள்ளிக்கூட ஷூ, தோல் தெரியாத அளவுக்குப் பூசணம். அப்பாவின் போட்டோ ஒன்று சட்டத்தில் போட்டு அதே சுவரில் மாட்டியிருந்தது. தேயிலை ஃபாக்டரி வாசலில் அவர் நிற்கிற படம், எங்களிடம் இருப்பது அந்த ஒன்றுதான். கழற்றிப் பார்த்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்ல, அப்படியே விட்டுவிட்டேன்.

இது ஒரு வீட்டுக் கதை. பக்கத்து வீட்டில் பாட்டிக்கு ராத்திரியெல்லாம் இருமல், என் மகளுக்குப் புரட்டாசி தொடங்கினால் இன்ஹேலர். மாடியில் இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, அவர்கள் சுவரில் வெயில் படுகிறது.

சரி, இந்தச் சுவர் எப்படிக் கட்டியது என்று யாராவது யோசித்தோமா? நம் கட்டடம் வீடாகக் கட்டியதே இல்லை. எஸ்டேட் துரைமார் காலத்துக் குதிரை லாயம், பிறகு சாமான் கிடங்கு, 2009 வாக்கில்தான் எட்டு வீடாகப் பிரித்தார்கள். ஊட்டியில் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா முதல், இந்த மலையில் அந்தக் காலத்தில் எழுந்த கல் சுவர்களில் பெரும்பாலும் சிமெண்ட் கிடையாது. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கிற முயற்சியே 1904 வாக்கில்தான் சென்னையில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தும் மண்ணும்தான். நம் சுவர் இரண்டடி தடிமன். ஒரே கல் என்று நினைக்காதீர்கள். வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உள்பக்கம் ஒரு கல் வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியது. குளியலறைக் குழாய்க்காக என் வீட்டுச் சுவரைத் துளைத்தபோது கண்ணால் பார்த்தேன், ஒரு சாண் உள்ளே போனதும் மண்தான் கொட்டியது.

நீலகிரியின் கல் சார்னோகைட். சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருப்பதும் அதே இனம்தான். பயங்கரக் கெட்டி, தண்ணீரைக் குடிக்கவே குடிக்காது. இந்த ஒரு விஷயத்தில்தான் நம் பிரச்சினை முழுக்க அடங்கியிருக்கிறது. கல் தண்ணீர் குடிக்காது என்றால் சுவருக்குள் போன ஈரம் எந்த வழியாக வெளியே வரும்? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சாந்து வழியாகத்தான். சுண்ணாம்புச் சாந்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. மழையில் கொஞ்சம் நனையும், வெயிலிலும் காற்றிலும் உலர்ந்துவிடும். நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கட்டடம் இப்படித்தான் நனைந்து உலர்ந்து நின்றது.

நாம் என்ன செய்தோம்? 2009-ல் வீடாக மாற்றியவர் வெளியே கல்லிடுக்கு எல்லாவற்றிலும் சிமெண்ட் வைத்துப் பூசினார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன். 2017-ல் ஈரம் தெரிந்ததும் நாம் ஒரு கோட் வாட்டர்ப்ரூஃப் அடித்தோம். 2021-ல் இன்னொரு கோட். ஒவ்வொரு முறையும் இரண்டு வருஷம் நன்றாக இருந்து, பிறகு முன்னைவிட மோசமானது. காரணம் எளிது. எந்தப் பூச்சிலும் மயிரிழை விரிசல் விழும். அது வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. நாம் சுவருக்கு ரெயின்கோட் போடவில்லை சார், நனைந்த ஆளைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருக்கிறோம். வெளியே போக முடியாத ஈரம் உள்பக்கம் வருகிறது, வரும்போது சிமெண்டிலும் மண்ணிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது, மேலே வந்து உலர்கிற இடத்தில் உப்புப் பூத்துப் பெயிண்டைத் தள்ளுகிறது. என் விரலில் கொட்டிய மாவு அதுதான்.

இப்போது மூன்றாவது கோட் என்கிறீர்கள்.

கோட் அடிக்க விலை சொல்ல வந்தவர் ஈரம் பார்க்கிற ஒரு சின்ன மீட்டரைச் சுவரில் குத்திச் சிவப்பு விளக்கைக் காட்டினார், நாம் எல்லோரும் பயந்துவிட்டோம். அந்த மீட்டர் மரத்துக்கென்று செய்தது. இரண்டு ஊசிக்கு நடுவில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. உப்பு இருந்தாலும் ஓடும். உப்புப் பூத்த சுவரில் காய்ந்த இடத்தில் குத்தினாலும் சிவப்பு எரியும். அடுத்து அவர் சொன்ன யோசனை, தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்க அடிச்சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு மருந்து ஏற்றுவது. செங்கல் சுவரில் அது பலிக்குமா என்பது வேறு விவாதம். நம் சுவருக்கு நடுவில் சில்லும் மண்ணும் சந்துமாக இருக்கிறது, ஏற்றுகிற மருந்து ஏதோ ஒரு சந்தில் போய்த் தேங்கும், ஒரே மட்டத்தில் அணை போல நிற்கவே நிற்காது.

எனக்கும் தெரிய வேண்டியிருந்தது, இந்த ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, வீட்டுக் காற்றிலிருந்து வருகிறதா என்று. சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, ஒன்றைப் பீரோ நின்ற இடத்தில் மார்பு உயரத்திலும், இன்னொன்றைத் தரையிலிருந்து ஒரு ஜாண் மேலேயும் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். கீழே டேப் ஒட்டவே இல்லை. இஸ்திரிப் பெட்டியைச் சுவர் ஓரமாகக் காட்டிக் காயவைத்து ஒருவழியாக ஒட்டினேன். இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். மேல் தாளில் அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், பிரித்தால் பின்பக்கம் காய்ந்திருந்தது. கீழ்த் தாளில் நேர்மாறு, முன்பக்கம் காய்ந்து, சுவரைப் பார்த்த பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். அதாவது கீழே இருப்பது சுவர் ஓதம், மேலே இருப்பது வீட்டு நீராவி குளிர்ந்த சுவரில் படிந்தது. இரண்டு நோய், ஒரே சுவரில். பத்து ரூபாய்ச் செலவில்லாத இந்தச் சோதனையை ஒவ்வொரு வீட்டிலும் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன், செய்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்.

மேல் பகுதிக்கு நாங்களும் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். 20 டிகிரி சூடுள்ள அறையில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். மார்கழி ராத்திரியில் நம் வடக்குச் சுவர் எவ்வளவு குளிரும் என்று கையை வைத்துப் பாருங்கள். தண்ணீர் சொட்டக்கூட வேண்டாம், சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் சில நாள் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். கல்லைப் பூஞ்சை தின்னாது. பெயிண்ட், பசை, தூசி, தோல், காகிதம், இதுதான் அதற்குச் சாப்பாடு, அதை நாம்தான் சுவரில் பூசி வைத்திருக்கிறோம்.

ஆனால் ஈரம் துணியிலிருந்து மட்டும்தான் வருகிறதா? சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது சுமார் 22 லிட்டர், கடையில் வாங்குகிற பெரிய தண்ணீர் கேன் ஒன்றைக் காற்றில் ஊற்றின கணக்கு. இட்லிப் பானையும் சோற்றுப் பானையும் விடுகிற ஆவி தனி, வெந்நீர்க் குளியல் தனி, ராத்திரி நான்கு பேர் விடுகிற மூச்சு தனி. இதெல்லாம் முன்பு வெளியே போக வழி இருந்தது. லாயமாக இருந்தபோது சுவர் உச்சியில் வரிசையாகக் காற்றுத் துவாரம் இருந்தது, அதை அடைத்துக் கண்ணாடி பதித்தோம். ஆள் தங்குகிற பக்கத்தில் கணப்பும் புகைபோக்கியும் இருந்தன, பலகை வைத்து மூடி டிவி மாட்டினோம். ஓட்டுக்கு அடியில் காற்றுப் போன இடத்தில் ஃபால்ஸ் சீலிங். ஜன்னலே இல்லாத குளியலறைகள் நான்கு. அதில் இரண்டின் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே போகவில்லை, சீலிங்குக்கு மேலே ஊதிக்கொண்டிருக்கிறது, ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் அப்பா ஃபாக்டரியில் இலை வாடப்போடுகிற மாடியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இலையின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா சூடு காட்டினால் புழுங்கிப்போகும் என்பார். மலைக்காரர்கள் நமக்கு இது தெரியாத விஷயமில்லை. வெளியே பனிமூட்டமாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும் என்று மூடியே வைக்கிறோம். 12 டிகிரியில் பனியோடு நிறைந்த காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். சமைத்து முடித்த சமையலறைக் காற்றைவிட அது காய்ந்த காற்று. அதனால் வீடு சூடாக இருக்கும்போது பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து மூடினால் நல்லது. வீடும் வெளியே அளவுக்கே குளிர்ந்து கிடந்தால் திறந்தும் பயனில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடாதீர்கள், அது ஆளையே கொன்றுவிடும்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் விடாமல் பெய்கிற ஊரில், மொட்டை மாடி இல்லாத கட்டடத்தில், கீழ் வீட்டுக்காரர்கள் எங்கே போய்க் காயப்போடுவது? பின்பக்கம் சும்மா கிடக்கிற இடத்தில் நான்கு கம்பம் நட்டு, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கம் திறந்து விட்டால் எட்டு வீட்டுத் துணியும் காயும். தடை போடுகிற நோட்டீஸுக்குப் பதிலாக இந்தப் பந்தலைப் போட்டுக் கொடுத்தால் நாளைக்கே வீட்டுக் கொடியை அவிழ்த்துவிடுகிறேன்.

குடியிருப்பவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனான். வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணையில் தீர்ப்பானது. அப்பா அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் வாழ்கிற விதம்தான் காரணம் என்று வீட்டுக்குப் பொறுப்பானவர்கள் தாமாக நினைத்துக்கொண்டார்கள், அப்படி நினைத்தது தப்பு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டி போட்டுவிட்டது. நான் யாரையும் மிரட்ட இதைச் சொல்லவில்லை. என் மகளுக்கு ஒன்பது வயது, அவள் கட்டில் அந்தச் சுவரிலிருந்து நான்கடி.

அப்படியானால் என்னதான் செய்யலாம். முதல் வேலை சுவரில் இல்லை, வெளியே மண்ணில் இருக்கிறது. கொத்தனாரிடம் டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய், கடன் வாங்கி வந்து அளந்தேன். வடக்குப் பக்கம் வெளி மண் மட்டம், என் வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி மேலே நிற்கிறது. பாதையை ஒவ்வொரு முறையும் கிளறாமல் மேலேயே மேலேயே போட்டது, ரோஜாப் பாத்திக்கு மண் கொட்டியது, அதைச் சுற்றி சிமெண்ட் ஓரம் கட்டியது, எல்லாம் சேர்ந்து என் சுவர் ஒன்றரை அடிக்குச் சேற்றில் நிற்கிறது. உள்ளே தரையில் வேறு வழவழப்பான டைல்ஸ், தரை வழியாக வெளியேற வேண்டிய ஈரமும் சுவர்ப் பக்கமே ஒதுங்குகிறது. இந்த நிலையில் எந்தக் கம்பெனிப் பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. பாத்தியை நகர்த்தி, சுவரை ஒட்டி உள் தரை மட்டத்துக்கும் ஓரடி கீழே வரை வெட்டி, கல் ஜல்லி நிரப்பிச் சரிவு கொடுத்துத் தண்ணீரைக் கிழக்கே ஓடைக்கு விட வேண்டும். ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டக் கூடாது, அந்தக் கால அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துப் பார்த்து ஐந்தைந்து அடியாகப் போக வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த ஊர் இது, விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவர் கூட நிற்காமல் மண்வெட்டி எடுக்க வேண்டாம்.

கூரைத் தாழ்வாரத்துக் கால்வாயும் அவசரம். சில்வர் ஓக் இலை அடைத்து, மழை பெய்தால் வடகிழக்கு மூலையில் சுவர் மேலேயே வழிகிறது. மாதம் ஒரு முறை சுத்தம் செய்ய ஆள் வைத்தால் ஆயிரம் ரூபாய் ஆகுமா?

இந்த இரண்டையும் ஐப்பசிக்குள் முடித்துவிடலாம். சுவரில் கை வைப்பது தையில். உள்ளேயும் வெளியேயும் ஈரம் ஏறின இடம் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, பங்குனி வரை சும்மா விட வேண்டும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்வோம். சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள், இரண்டடிச் சுவர் முழுக்கக் காய இரண்டு வருஷம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கல்லிடுக்கில் சுண்ணாம்புச் சாந்து, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளை. சுண்ணாம்பு காரம், புதுசாக அடித்த வெள்ளையில் பூஞ்சை சுலபத்தில் ஏறாது, வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் பாட்டிமார் காரணமில்லாமல் செய்யவில்லை.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்காதீர்கள். சேப்பாக்கம் உமாயூன் மகாலைப் பொதுப்பணித்துறை புதுப்பித்தபோது கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைத்தான் பயன்படுத்தினார்கள். காரைக்குடிப் பக்கம் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் போனில் பேசினேன், வந்து பார்க்கிறேன் என்றார், வழிச்செலவு நான் கொடுக்கிறேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வெளியே மண்ணு உசந்திருக்காம்மா?” என்பதுதான்.

அதுவரைக்கும் என்ன செய்வது? பீரோ, கட்டிலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுவோம். பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வீடு முழுக்கப் பறக்கும். முகத்தில் மாஸ்க், கையில் உறை, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி, துடைத்ததும் துணியைக் கட்டித் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பிளீச்சிங் போட்டால் கறுப்பு மறையும், பூச்சுக்குள் இருக்கிறது சாகாது. குளியலறை ஃபேன் இரண்டுக்கும் குழாய் போட்டு வெளியே விடுவது ஒரு நாள் வேலை, இந்த வாரமே செய்யலாம்.

3,80,000 ரூபாயில் இத்தனையும் முடியுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மண் வெட்டுவது, கால்வாய், ஃபேன், துணிப் பந்தல் இவ்வளவுக்கும் நான் விலை கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், அந்தத் தொகையில் பாதிகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாளைக் கொண்டு வருகிறேன், கையெழுத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் கொடுங்கள், இந்த முறை டீ அப்புறம் வரட்டும்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மழை இல்லையென்றால் வடக்குப் பக்கம் வாருங்கள். உள் தரை மட்டம் எங்கே வருகிறது என்று வெளிச்சுவரில் செங்கல் துண்டால் கோடு போட முயன்றேன், கோடு மண்ணுக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் மட்டும் ரோஜாச் செடி ஒன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்துவிட்டு, ஒன்றரை அடி தோண்டிக் காட்டுகிறேன். கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கீழ்த்தளம், வடக்கு ஓரத்து வீடு